தாய்மாமன் ஜீப்

ஜீவானந்தத்துக்குச் சாமைச் சோறும் மிளகு ரசமும் என்றால் உயிர். தட்டில் போட்டால் இரண்டாம் முறை கேட்காமல் எழுந்திருக்க மாட்டான். அன்று காலையில் முதல் வாய் வைத்ததுமே 'ஸ்ஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு கையை உதறினான்.

"இன்னாடா ஆச்சு?" என்றாள் ராஜேஸ்வரி.

"ரசம் காரம்மா."

வேறொரு வீடாக இருந்தால் அம்மாக்காரி கொஞ்சம் மோரை ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். ராஜேஸ்வரிக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் புருஷன் கோபால்சாமிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ரசம் எரிந்தது. அப்புறம் வாயைத் திறக்க முடியாமல் போனது. கடைசியில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவன் வலது தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். மீசை முளைத்த காலத்திலிருந்து புகையிலையை அதக்கி வைத்த பக்கம் அது. இப்போது அவன் பேசினால் வார்த்தை கொழகொழவென்று வரும். வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் புரியும். அரைத்துக் கரைத்த கூழைத் தவிர வேறெதுவும் இறங்காது.

அவள் மகனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவன் திமிறினான். விடவில்லை. கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் வெந்த தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கிய ஒரு தடம்.

ராஜேஸ்வரி விரலை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"தலகாணி வெச்சியாடா?"

மலையில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் அது. சின்னத் தலையணை மாதிரி தைத்த வெள்ளைப் பை. உள்ளே புகையிலைத் தூளும் வாசனையும். உதட்டுக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் வாத்தியார் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. புகை வராது, துப்பவும் வேண்டாம். இது அவளுக்குத் தெரிந்தது ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மா என்பதால் மட்டும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு கிராமசபையில் எழுந்து நின்று, "எம் புருஷன் வாயப் பாருங்க, நாளைக்கு ஒங்க புள்ளைங்க வாய் இப்பிடி ஆவணுமா?" என்று கேட்டவள். அதற்கப்புறம்தான் அந்தப் பொறுப்பை அவள் தலையில் வைத்தார்கள். பள்ளிச் சுவரில் 'இங்கே புகையிலை விற்கக் கூடாது' என்று எழுத வைத்தவளும் அவள்தான். போன சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பத்தின் கீழே நின்று புகையிலை ஒழிப்பு உறுதிமொழியை உரக்கப் படித்தவன் ஜீவானந்தம். முன்வரிசையில் உட்கார்ந்து அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யார்ரா குடுத்தது?"

"பசங்க."

"பசங்களுக்கு யார் குடுத்தது?"

"சந்தையில கெடைக்குதும்மா." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்க முடியவில்லை. நேராகத் தம்பியைத் தேடிப் போனாள்.

ராஜ்குமார் அவளுக்குத் தம்பி என்றாலும் பிள்ளை மாதிரி. தாய் போனபோது அவன் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டுதான் அவள் களை எடுக்கப் போனாள், புளி உலுக்கப் போனாள். அவன் தலையெடுக்கட்டும் என்றே தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள். இப்போது அவன் ஜீப் ஓட்டுகிறான். நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமங்களில் ஆத்திமரத்தூரும் ஒன்று. பஸ் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அடிவாரத்துக்கோ ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்கோ போக வேண்டும் என்றால் அவன் ஜீப்தான் கதி. கோபால்சாமியை ஒவ்வொரு முறையும் வேலூருக்குக் கொண்டு போய், கதிர்வீச்சுக் கொடுக்கும் வரை வாசலில் காத்திருந்து, முன்சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தது அவன்தான்.

விஷயத்தைக் கேட்டதும் ராஜ்குமார் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"எம் மருமவனுக்கா? மாமா பட்டது போதாதாக்கா?"

"எங்கேர்ந்துடா வருது? முனியம்மா கடையில கேட்டேன். கண்ணால கூடப் பாக்கலன்னு சத்தியம் பண்றா."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "உள்ளூர்க்காரன் செய்ய மாட்டான்க்கா. வெளியேர்ந்து மூட்டை மூட்டையாக் கொண்டு வர்றவன் யாரு? வாணியம்பாடி பாய் ஒருத்தர்தான். புளி வாங்க வர்ற சாக்குல இன்னா இன்னா ஏத்திக்கினு வர்றாரோ, யார் கண்டா?"

முக்தார் அகமதுவை ராஜேஸ்வரிக்குப் பல வருஷமாகத் தெரியும். சந்தையில் புளியும் தேனும் எடுக்கிறவர். எடையில் ஏமாற்றினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் தம்பி சொல்லி அவள் எதைத்தான் நம்பாமல் இருந்திருக்கிறாள்?

அடுத்த சந்தையன்று குழுவில் இருந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். முக்தார் அகமது தராசை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. இந்த வாட்டி புளி நல்லா காஞ்சிருக்கா?"

"புளி இருக்கட்டும் பாய். ஒங்க வண்டியப் பாக்கணும்."

"வண்டியையா? எதுக்கு?"

"புள்ளைங்களுக்குப் போதப் பாக்கு யார் கொண்டாறதுன்னு பாக்கணும்."

அவர் முகம் ஒரு நொடியில் வற்றிப்போனது. சந்தை திரும்பிப் பார்த்தது. பெண்கள் வண்டியில் ஏறினார்கள். காலிச் சாக்குகளை உதறினார்கள். சீட்டுக்கு அடியில் கையை விட்டார்கள். அவருடைய டிபன் கேரியரைத் திறந்து பார்த்தார்கள். தொழுகை விரிப்பு மண்ணில் விழுந்தது. ராஜ்குமார் தன் ஜீப்பில் சாய்ந்து நின்றபடி, "சாக்குக்குள்ள நல்லா கைய வுட்டுப் பாருக்கா, அடியில இருக்கும்," என்று குரல் கொடுத்தான்.

ஒன்றும் இல்லை.

முக்தார் அகமது விரிப்பை எடுத்துத் தட்டி மடித்தார். மறுபடியும் தட்டினார்.

"பாத்தாச்சாம்மா?" என்றார். குரல் உயரவில்லை. "நல்லாப் பாத்துட்டீங்களா? திருப்தியா?"

"நீங்க இல்லன்னா சரி பாய்," என்று முனகிவிட்டு நகர்ந்தாள். அன்று அவர் எதுவும் வாங்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு இறங்கிவிட்டார். "இன்னிக்கு எடுத்துட்டு வந்திருக்க மாட்டாரு. யாரோ முன்னாடியே சொல்லிட்டாங்க," என்றான் ராஜ்குமார். அதையும் நம்பினாள்.

சில வாரங்கள் கழித்து ஜீவானந்தத்தை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். ராஜேஸ்வரி புருஷன் கதையைச் சொல்லக் கேட்டுக்கொண்டே உதட்டை இழுத்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப நிறுத்தினா இது ஆறிடும். நிறுத்தலன்னா உங்க அப்பாவப் பாத்துக்கோ, நான் வேற எதுவும் சொல்ல வேணாம்," என்றார்.

"நிறுத்திட்டேன் டாக்டர்," என்றான் ஜீவா.

"நிஜமா?"

"அம்மா மேல சத்தியமா."

திரும்பும்போது ராஜ்குமாரின் ஜீப்பில் ஏறினார்கள். கடைக்காரி முனியம்மா தன் கடைக்குச் சரக்கு வாங்கிக்கொண்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மேலத்தெரு ஆனந்தன் உர மூட்டையோடு ஏறினான். ராஜ்குமார் வழக்கம்போலப் பாட்டுப் போட்டான். மருமகனை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டான். மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியிருப்பார்கள். ஒரு வளைவில் 'டப்'பென்று சத்தம் கேட்டது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது.

எல்லோரும் இறங்கினார்கள். ராஜ்குமார் சக்கரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஸ்டெப்னியும் காத்து இல்லக்கா. நீங்கள்லாம் பஸ்ஸு வந்தா ஏறிப் போய்டுங்க. நான் கீழே போறவங்க யார்னா வந்தா டயரக் குடுத்தனுப்பி சரி பண்ணிக்கினு வர்றேன்."

"போன மாசம்தான புது டயர் போட்ட?" என்றாள் ராஜேஸ்வரி.

"அதான் சொல்றேன்ல, காத்து எறங்கிப் போச்சு."

"இரு, எவ்ளோ இருக்குன்னு பாப்போம்." அவள் ஒன்றும் சந்தேகப்பட்டுப் போகவில்லை. வெயிலில் நின்றுகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டுமே என்றுதான் போனாள். ஜீப்பின் பின்கதவில் மாட்டியிருந்த மாற்றுச் சக்கரத்துக்குக் கறுப்பு ரெக்சினில் உறை போட்டு ஜிப் வைத்திருந்தான். அதன்மேல் கையை வைத்து அழுத்தினாள். டயர் மாதிரி இல்லை. பொதபொதவென்று அமுங்கியது.

"அம்மா! அதத் தொறக்காத!"

கத்தியது ஜீவா. ராஜேஸ்வரி திரும்பினாள். பிள்ளையின் முகத்தில் ரத்தம் இல்லை. ராஜ்குமார் அவனை முறைத்துக்கொண்டிருந்தான். ஒருவன் முகத்திலிருந்து இன்னொருவன் முகத்துக்கு அவள் பார்வை போய்த் திரும்பிய அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அது பொய்யாக இருக்கட்டும் என்றுதான் ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே சக்கரமே இல்லை. வட்ட டப்பாக்களும் சரம் சரமாகப் பாக்கெட்டுகளும் சரிந்து அவள் காலடியில் விழுந்தன. பச்சை, சிவப்பு, நீலம். தேர்த் திருவிழாவில் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற மிட்டாய் மாதிரி மினுக்கின.

யாரும் "இன்னா இது?" என்று கேட்கவில்லை. முனியம்மா தன் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஆனந்தன் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்காமல் இருந்ததைத்தான் ராஜேஸ்வரி கவனித்தாள்.

"முனிம்மா, ஒனக்குத் தெரியுமா?"

முனியம்மா தலை நிமிரவில்லை.

"ஒன்னத்தான்டி கேக்கறேன்."

"ஊருக்கே தெரியும் ராஜி," என்றாள் முனியம்மா. "ஒனக்குத் தெரியாதுன்னுதான் யாருக்கும் தெரியாது. ஒன் தம்பி. ஒனக்குத் தெரிஞ்சுதான், அவனக் காப்பாத்த பாய் மேல கைய காட்டறேன்னு நெனச்சோம்."

ராஜேஸ்வரி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். சந்தையில் அவளோடு வண்டியில் ஏறிச் சாக்கை உதறிய பெண்கள் எல்லோரும் கண்முன் வந்து போனார்கள். உதறும்போதே அவர்களுக்குத் தெரியும், அதில் ஒன்றும் இருக்காது என்று. அவளை நல்ல நடிகை என்று நினைத்துக்கொண்டு உதறியிருக்கிறார்கள்.

தம்பியின் பக்கம் அவள் பார்க்கவில்லை. மகனிடம் போனாள்.

"இஸ்கூலுக்குள்ள எப்பிடிடா போவுது?"

ஜீவா இரண்டடி பின்னால் போனான்.

"கேக்கறேன்ல? கேட்டுல வாட்ச்மேன் இருக்கான், பைய தடவிப் பாக்கறான். ஹாஸ்டல் பசங்களுக்கு எப்பிடிக் கெடைக்குது?"

"என் பையத் தடவ மாட்டாங்கம்மா," என்றான் ஜீவா. "நான் ஒன் புள்ளன்னு."

சொல்லிவிட்டு அவன் அழ ஆரம்பித்தான்.

"ஏய், அழுவாத. சும்மா ஒரு கை மாத்தி வுட்டான்க்கா, அவ்ளோதான்," என்று ராஜ்குமார் குறுக்கே வந்தான். "அத எடுத்து வாயில வைக்கச் சொன்னது யாரு? நானா சொன்னேன்? இவனா கெட்டுப் போனதுக்கு..."

"நீதான் மாமா மொதல்ல குடுத்த." ஜீவா அழுகையை விழுங்கிக்கொண்டு கத்தினான். "புளியமரத்தாண்ட வண்டிய நிறுத்திட்டு, நீ ஆம்பளையா இல்லையான்னு பாக்கறேன், வையின்னு குடுத்த. நான் தல சுத்தி வாந்தி எடுத்தேன். நீ சிரிச்ச. அம்மாகிட்ட சொன்னா அம்மா செத்துடும்னு சொன்ன."

மலைப்பாதையில் ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறிப் போனது.

ராஜேஸ்வரி குனிந்து, முந்தானையைத் தரையில் விரித்து, விழுந்திருந்த பாக்கெட்டுகளை வாரிப் போட ஆரம்பித்தாள். உறைக்குள் மிச்சம் இருந்ததையும் கையை விட்டு எடுத்தாள். முந்தானை பத்தவில்லை. முனியம்மாவின் மூட்டையிலிருந்து ஒரு காலிச் சாக்கை உருவினாள். முனியம்மா தடுக்கவில்லை.

"இன்னாக்கா பண்ற?" ராஜ்குமாரின் குரல் மாறியிருந்தது.

"ஸ்டேஷனுக்குப் போறேன்."

"அக்கா, வூட்டுக்குப் போய் பேசிக்கலாம்க்கா. நாலு பேரு எதிர்ல வேணாம்."

"இன்னா பேசறது?"

"நான் வுட்டுடறேன். இன்னியோட சரி. இத இங்கியே பள்ளத்துல கொட்டிடலாம்." அவன் சாக்கின் மறுமுனையைப் பிடித்தான். "நான் கொண்டாரலன்னா வேற எவனோ கொண்டாருவான்க்கா. ஒலகத்துல நான் ஒருத்தனா?"

"வேற எவனோ கொண்டாந்திருந்தா புடிச்சுக் குடுத்திருப்பேன். இப்பவும் அதத்தான் செய்றேன். கைய எடு."

அவன் எடுக்கவில்லை. அவள் கையில் சோறு தின்று வளர்ந்தவன். அழுதால் அக்கா இறங்கிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அழுதான். நடுரோட்டில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "தாயில்லாதவன்க்கா நானு," என்றான்.

எத்தனையோ முறை வேலை செய்த வார்த்தை அது. ராஜேஸ்வரி அவன் தலையில் கை வைக்கப் போய், அந்தக் கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"தாயில்லன்னு ஒன்ன யார்ரா வுட்டா?" என்றாள். "நான் வுட்டனா?"

பஸ் வந்தது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, மகனின் கையைப் பிடித்து ஏறினாள். ஆனந்தனும் முனியம்மாவும் ஏறவில்லை.

ஜமுனாமரத்தூர் ஸ்டேஷனில் தலைமையாசிரியரையும் வரவழைத்து எழுதிக் கொடுத்தாள். ஜீவாவைத் தள்ளி உட்கார வைத்துப் பேசிய பெண் காவலர், "இவன் மேல கேஸ் இல்லம்மா. புள்ளைங்களுக்குக் குடுத்தவங்க மேலதான் சட்டம்," என்றார். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அடியாகவும் இருந்தது. குடுத்தவங்க என்றால் யார்?

இருட்டும் முன்னே வீடு வந்து சேர்ந்தாள். கோபால்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டெப்னி உறை, பாக்கெட்டு, முனியம்மா சொன்னது எல்லாம். அவன் துண்டால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் கண் விரியவில்லை. 'அப்படியா' என்று கையைக் கூட அசைக்கவில்லை.

அவள் பேச்சை நிறுத்தினாள்.

"ஒனக்கும் தெரியுமாய்யா?"

கோபால்சாமி துண்டை மடித்து மடியில் வைத்தான். பிறகு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "ஜீப்பு... தெரியும். பையன்... தெரியாது," என்றான்.

"ஏன்யா சொல்லல?"

"வேலூரு." அவ்வளவுதான் சொன்னான். பிறகு கையால் காட்டினான், தன் வாயை, சாலையை, மறுபடி தன் வாயை.

அவளுக்குப் புரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டால் அவனை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார்கள்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் வாயை அரித்துத் தின்றதே அவன் ஏறிப் போன வண்டியின் பின்கதவில் கூடவே தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அதை அவன் பார்த்துக்கொண்டேதான் ஏறியிருக்கிறான்.

அவள் கத்தவில்லை. கூழைக் கரைத்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் பாயை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்ப் படுத்தாள். ஊரில் ஒருத்தி இல்லை, வீட்டில் ஒருத்தன் இல்லை, சொல்வதற்கு. அவளைத் தலைவி தலைவி என்று கூப்பிட்ட அத்தனை வாயும் ஒன்றைத் தெரிந்துகொண்டே அவளைக் கூப்பிட்டிருக்கிறது.

ராஜ்குமாரைப் பிடித்து உள்ளே வைத்து, ஜீப்பை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு ஆத்திமரத்தூர் ஜனங்கள் புளி மூட்டையைத் தலையில் சுமந்து பஸ் நிற்கும் ரோடு வரைக்கும் நடந்தார்கள். நடந்தவர்கள் எல்லோரும் ராஜேஸ்வரியின் வாசலைத் தாண்டும்போது காறித் துப்பவில்லையே தவிர, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராஜ்குமாரின் பெண்டாட்டி ரஞ்சிதம் கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்று, "கூடப் பொறந்தவன உள்ள தள்ளிட்டு நல்லா சோறு எறங்குதா அண்ணி?" என்று கேட்டாள். ராஜேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லைதான். குழந்தைக்குச் சளி கட்டியிருந்தது. உள்ளே போய்க் கற்பூரவல்லி இலையைக் கொண்டுவந்து நீட்டினாள். ரஞ்சிதம் தட்டிவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் விட ஜீவாதான் அவளை வாட்டினான். அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். தலைவலி என்று சுருண்டு படுப்பான். சின்ன விஷயத்துக்குத் தட்டை வீசுவான். ராத்திரி முழுக்கப் புரளுவான். விடும்போது அப்படித்தான் இருக்கும், போகப் போகக் குறையும் என்று பல் டாக்டர் போனில் சொன்னார். வாய் நமநமக்கும்போது மெல்லச் சொல்லி நெல்லிக்காயும் சுக்கும் கொடுத்தாள். வாங்கிக்கொள்வான். பேச மாட்டான். ஒருமுறை மட்டும் கதவுக்கு வெளியே நின்று, "மாமா என்ன நம்புச்சு," என்றான். அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னான். மாமாவைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உண்மையைச் சொல்ல வைத்து, அதை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் கொடுத்தவள் அம்மா. அவன் கணக்கில் அவனை விடப் பெரிய துரோகி அவள்தான்.

சந்தையன்று ஜமுனாமரத்தூருக்குப் போனாள். முக்தார் அகமது ஓரமாக வண்டியை நிறுத்தி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவர் தனியாகும் வரை காத்திருந்து கிட்டே போனாள்.

"பாய், நான் செஞ்சது தப்பு. எந்தம்பிதான் பாய் அது. என்ன மன்னிச்சிடுங்க."

"கேள்விப்பட்டேன்," என்றார். சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே இருந்தார். "மன்னிப்பு காதோட கேக்கறீங்கம்மா. அன்னிக்கு என்ன சந்தைக்கு நடுவுல கேட்டீங்க."

அவர் சொன்னது நியாயம். ராஜேஸ்வரி நடுச்சந்தைக்கு நடந்தாள். வெங்காயக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் நின்றாள்.

"கொஞ்சம் கேளுங்க," என்றாள் உரக்க. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "அன்னிக்கு இந்த எடத்துல பாய் வண்டியச் சோதன போட்டேன். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. புள்ளைங்களுக்கு வெஷத்தக் கொண்டாந்தது எங்கூடப் பொறந்தவன். அத இஸ்கூலுக்குள்ள எடுத்துட்டுப் போனது எம் புள்ள. எனக்குத் தெரியல. தெரியாம நல்ல மனுசன அவமானப்படுத்திட்டேன்."

ஒரு கிழவர் "சரிம்மா, வுடும்மா," என்றார். வளையல் கடைக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்தார் அகமது தலையை மட்டும் அசைத்தார். ஆனாலும் அந்த வருஷம் அவர் ஆத்திமரத்தூர்ப் புளியை எடுக்கவில்லை. அவள் அதைக் குறையாக நினைக்கவும் இல்லை.

தலைமையாசிரியரிடம் போய்த் தலைவி பதவி வேண்டாம் என்றாள். "கூட்டம் கூடட்டும், அப்புறம் பாக்கலாம்மா," என்றார் அவர். கூட்டத்துக்கு யாரும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்தது. ஜீவா நின்றான். அவன் கையில் ஏழாவது படிக்கிற ஒரு சின்னப் பையனின் கை. அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். இரண்டும் ஹாஸ்டல் பிள்ளைகள்.

"அம்மா," என்றான். எத்தனையோ நாளுக்கப்புறம் அந்தச் சொல்லைக் கேட்கிறாள். "இவனுக்கும் புண்ணு இருக்கு. காட்ட மாட்டேங்கறான். நான்தான் குடுத்தேன் இவனுக்கு."

ராஜேஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவனுக்கு?"

"அவனுக்கும். இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. அவங்க வூட்டுக்குப் போயிருக்காங்க. திங்கக்கிழம வருவாங்க." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். "வார்டன் கிட்ட கேட்டுட்டுத்தான் கூட்டியாந்தேன். பொய் சொல்லல."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தச் சின்னவனைப் பக்கத்தில் இழுத்தாள். அவன் பயந்து வாயைப் பொத்தினான். "காட்டு சாமி, அடிக்க மாட்டேன்," என்றாள். வெயில் பக்கமாகத் திருப்பி உதட்டை இறக்கிப் பார்த்தாள். இருந்தது. பால்பல் விழுந்த இடத்துக்குக் கீழே.

திங்கட்கிழமை வார்டனின் ஆளும் கூட வர, நான்கு பிள்ளைகளையும் ஜீவாவையும் கூட்டிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்து அடிவாரத்துக்குப் பஸ் ஏறினாள். கூட்டம் இருந்தது. நடுவில் ஒரு சீட்டில் ராஜ்குமார் உட்கார்ந்திருந்தான். ஜாமீனில் வந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். பார்ப்பது இப்போதுதான். இளைத்திருந்தான். சவரம் செய்யவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எங்கடா மருமவனே?" என்று கேட்டான் அவன், சிரிக்கப் பார்த்து.

"ஆஸ்பத்திரிக்கு," என்றான் ஜீவா.

"யாருக்கு இன்னா?"

ஜீவா கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டு, கீழுதட்டை இழுத்துக் காட்டினான். பக்கத்தில் நின்ற சின்னவன் அவனைப் பார்த்தான். அண்ணன் செய்கிறானே என்று அவனும் தன் உதட்டை இழுத்துக் காட்டினான்.

ராஜ்குமார் எழுந்தான். "இங்க நிறுத்துங்க," என்று கண்டக்டரிடம் சொன்னான்.

"இங்க ஸ்டாப் இல்லீங்க."

"நிறுத்துங்கன்றேன்ல."

பஸ் நின்றது. அவன் இறங்கினான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் வளைவு. ஒரு வீடு கூடக் கிடையாத இடம். பஸ் கிளம்பியது. காலியான சீட்டில் சின்னவனை உட்கார வைத்தான் ஜீவா. ராஜேஸ்வரி திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் வளைவு திரும்பும்போது அவள் கழுத்து தானாகத் திரும்பியது. அவன் ரோட்டோரம் சரியாக ஒதுங்கி நிற்கிறானா, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்தாள். பிறகு பாறை மறைத்துவிட்டது.